அஸ்தெக் மக்களின் சோளத் தெய்வச் சிற்பங்கள்: சில கருத்துக்கள்

அஸ்தெக் சிற்பக்கலை பற்றிய நூல்களைப் புரட்டுவோர் முதலிற் காண்பன பெரும்பாலும் மூன்று பெருங்கற்களே. 1790ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மெக்சிக்கோ நகரின் பெருஞ்சதுக்கத்தைத் திருத்தி அமைத்தபோது மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட கோட்லிக்குவே என்னும் தாய்த்தெய்வம் ஒன்று. அதே ஆண்டு டிசெம்பரில் அதே சதுக்கத்திற் கண்டெடுக்கப்பட்ட, மூன்றரை மீற்றரளவு விட்டமுடைய சூரியக்கல் இன்னொன்று. 1978ஆம் ஆண்டு பெப்ரவரியில் மின்சார வேலைக்காக நிலத்தைத் தோண்டிய தொழிலாளர் கண்ட, தலையும் கைகால்களும் துண்டிக்கப்பட்ட கொயோல்ஷாவ்கியின் வட்டக்கல் மூன்றாவது. பாம்புத் தலைகள், மண்டையோடுகள், அறுபட்ட கைகளாலும் இருதயங்களாலும் கோத்த மாலை, பாம்புகளாற் பின்னிய பாவாடை ஆகியவற்றைக் கண்டு வியந்தும் வெருண்டும் நிற்கும் வாசகர், அஸ்தெக் கலை என்பது இதுதான் என்று முடிவுகட்டிவிடுகிறார். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். பேரரசொன்றின் தலைநகரிலே, பேரரசின் செலவிலே, அச்சுறுத்துவதற்கென்றே செதுக்கப்பட்ட கலை என்று ஒரு வரியில் அதனை ஒதுக்கிவிடுவது எளிதாகவும் இருந்தது.

ஆனால் மெக்சிக்கோப் பள்ளத்தாக்கிலும் அதனைச் சூழ்ந்த பிரதேசங்களிலும் கிடைத்துள்ள கற்சிற்பங்களைத் தொகையளவிலே நோக்கப் புகுந்தால் நிலைமை வேறாகத் தோன்றுகிறது. அவற்றுட் பெரும்பாலானவை ஒருவர் இரு கைகளாலும் தூக்கிச் செல்லக்கூடிய சிறு உருவங்கள். அவற்றுள்ளும் அடிக்கடி காணப்படுவது ஒரு பெண்ணுருவம். நேராக நிற்கிறாள், வெறுங்காலள், கணைக்கால்வரை தொங்கும் பாவாடை உடுத்தவள். முகம் சிறியது, அமைதியானது. அம்முகத்தைச் சுற்றி, உடலின் அகலத்தையும் மீறி, சதுரமான பெரியதொரு தலையணி எழுகிறது. மடித்து மடித்து அடுக்கிய மரப்பட்டைத் தாளாற் செய்த அணி அது. நான்கு மூலைகளிலும் நான்கு தாட்பூக்கள். இரு பக்கத்திலும் குஞ்சங்கள் தொங்கும். தாள் வீடு என்னும் பொருள்படும் பெயரால் நாவாத்ல் மொழியில் அதனை அழைத்தனர். அவளது கையிலே இரண்டு சோளக் கதிர்கள், சோடியாகப் பிடித்தபடி. சில உருவங்களில் இரு கையிலும் கதிருண்டு. சிலவற்றில் ஒரு கையிற் கதிரும் மறுகையிற் கிலுகிலுப்பைத் தடியும் உண்டு. பயங்கரம் எதுவுமில்லை.

இவள் பெயர் சிக்கோமெக்கோவாத்ல். ஏழு பாம்பு என்பது அதன் பொருள். பெயரிற் பாம்பிருப்பினும் உருவத்திற் பெரும்பாலும் பாம்பில்லை. 260 நாட் கணிப்பில் வரும் ஒரு நாளின் பெயரே தெய்வத்தின் பெயராயிற்று. இவளோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியவர்கள் இருவர். பாலிறங்கும் பருவத்து இளங்கதிராகிய ஷிலோனென் என்னும் கன்னி ஒருத்தி. சென்தேயோத்ல் என்னும் ஆண் தெய்வம் மற்றொருவன். ஒரே பயிரின் வெவ்வேறு பருவங்களுக்கு வெவ்வேறு பெயரும் உருவமும் தந்தனர் எனலாம். எமது பகுதியிற் சோளன் என்று வழங்கும் மக்காச்சோளமும், எமது கறியிலிருந்து பிரிக்க முடியாத மிளகாயும் அந்நாட்டிலிருந்து ஐரோப்பியரின் கப்பல்வழி எம்மிடம் வந்தவை. அத்தெய்வம் மட்டும் கப்பலேறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பொன்றில் இச்சிற்பத்தின் படத்தைக் காட்டினோம். கோட்லிக்குவேயின் படத்தைக் கண்டு சிரித்தும் முகஞ்சுளித்தும் கொண்டிருந்த வகுப்பு இதனைக் கண்டதும் அமைதியாயிற்று. பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி, "இவள் பயந்துபோய் நிற்கிறவள் மாதிரி இருக்கிறாளே, சேர்" என்றாள். தெய்வம் பயப்படுமா என்று நாம் அன்று சொல்லி முடித்துவிட்டோம். அது அவசரத்திற் சொன்ன பதில் என்பது பின்னரே விளங்கிற்று.

சிற்பங்களுக்கு வருவோம். இவற்றைச் செதுக்கியோர் யார்? இரும்புக் கருவி அறியாத சிற்பிகள் கல்லைக் கல்லால் கொத்தி, மணலும் நீரும் கொண்டு தேய்த்து உருவாக்கியவை இவை. தலைநகரான தெனோச்தித்லானின் பெருங்கோயிலைச் சார்ந்த சிற்பங்களிற் காணும் கூர்மையான செதுக்கலும் வழவழப்பும் இவற்றுட் பலவற்றில் இல்லை. கைகள் தடித்திருக்கும், பாதங்கள் உடலோடு ஒட்டாமல் முன்னே துருத்தி நிற்கும், சிலவற்றில் முதுகுப்புறம் செதுக்கப்படாமலே விடப்பட்டிருக்கும். ஊர்க்கோயில்களுக்கும் சிறு வழிபாட்டிடங்களுக்குமாகச் செய்யப்பட்டவை இவற்றுட் பல என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அஸ்தெக் கலை பற்றி 1983இல் விரிவானதொரு நூல் வெளியிட்ட எஸ்தர் பஸ்தோரி, நாட்டுப்புறச் சிற்பங்களில் நீர்த்தெய்வமும் சோளத்தெய்வமுமே மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டியுள்ளார். பேரரசின் போர்த்தெய்வமும் குலதெய்வமுமாகிய ஹூயித்சிலோபொச்த்லியின் கல்லுருவங்களோ மிகச் சிலவே கிடைத்துள்ளன. தலைநகரிலே அவனுடைய உருவம் பெருவிழாக்களின்போது விதைமாவினாற் பிசைந்து செய்யப்பட்டது. போர்த்தெய்வம் மாவிலே, உணவுத்தெய்வம் கல்லிலே!

இதனைக் கண்டதும் நம்மவரிற் சிலர், "இதோ மக்கள் கலை, அதோ ஆளும் வர்க்கத்தின் கலை" என்று கோடு கீறிவிடத் துடிப்பார்கள். அத்துணை எளிதன்று. சோளத்தெய்வத்தின் சிற்பங்கள் யாவும் கிராமத்தன அல்ல. தலைநகரின் தேர்ந்த சிற்பக்கூடத்திற் பிறந்தவை என்று கண்டவுடன் சொல்லத்தக்க நேர்த்தியான உருவங்களும் உண்டு. சோளத்தெய்வங்களின் உருவத்தைத் தாங்கி, நிறந்தீட்டப்பட்ட பெரிய மண் தூபக்கலங்கள் த்லாவாக் என்னுமிடத்திற் கிடைத்து, இன்று மெக்சிக்கோவின் தேசிய மானிடவியல் நூதனசாலையில் உள்ளன. அவற்றைச் செய்தோர் கைதேர்ந்த தொழிலாளர். அரசும் சோளத்தை உண்டே வாழ்ந்தது. ஆகவே அரசும் இவளை விடவில்லை. அந்தத் தலையணியின் தாளையே எடுத்துக்கொள்வோம். மரப்பட்டையை ஊறவைத்து அடித்துச் செய்யும் அத்தாளைச் சில ஊர்கள் ஆயிரக்கணக்கான சுருள்களாகத் தலைநகருக்குத் திறையிறுத்தன என்பதை 1540களளவிற் தயாரிக்கப்பட்ட மெந்தோசா ஏட்டின் திறைப்பட்டியல்கள் காட்டுகின்றன. சோளமும் அவரையும் களஞ்சியக் கணக்கிலே அதே பட்டியல்களில் இடம்பெறுகின்றன. ஊர்த்தெய்வத்தின் தலையிலிருந்த தாளும் அதன் கையிலிருந்த கதிரும் அரசின் கணக்கேட்டுக்குள்ளும் இருந்தன.

ஆயினும் இச்சிற்பங்களை உழைப்போடு பிணைக்கும் உண்மையொன்றுண்டு. அதனைக் கலைநூல்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அது கல். இவற்றுட் பலவும் எரிமலைக் குழம்பு இறுகி உண்டான, நுண்டுளைகள் நிறைந்த கருங்கல்லாலானவை. அதே வகைக் கல்லிலேதான் மெக்சிக்கோப் பெண்கள் சோளம் அரைக்கும் கல்லும் செய்யப்பட்டது. எமது அம்மியை ஒத்தது அது. மூன்று சிறு கால்களுடன் சற்றுச் சாய்ந்து நிற்பது. அதன்முன் முழந்தாளிட்டு, இரு கைகளாலும் குழவியைத் தள்ளித் தள்ளி அரைக்க வேண்டும். துளையுள்ள கல்லாதலால் தேயத்தேயப் புதிய கூர்விளிம்புகள் தோன்றிக்கொண்டே இருக்கும், அரைப்பதற்கு உகந்தது. ஷிலோனெனுடையவை எனக் கருதப்படும் சில சிற்பங்களில் அக்கன்னி முழந்தாளிட்டு, கைகளைத் தொடைமேல் வைத்தபடி இருக்கிறாள். அது வழிபாட்டிற்குரிய இருக்கை மாத்திரமா? அந்நாட்டுப் பெண் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த இருக்கை அது. அரைக்கும் கல்லையும் அரைப்பவளையும் ஒரே மலையிலிருந்து வெட்டியெடுத்தனர் என்று சொன்னால் மிகையாகாது.

அரைப்பதற்கு முன் மற்றொரு வேலை இருந்தது. முற்றிய சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரிற் கொதிக்கவைத்து, ஓரிரவு ஊறவிட்டு, தோலைக் கழுவிக் களைய வேண்டும். இதனைக் கண்டுபிடித்தவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் அதன் பெறுமதியை உலகம் பின்னர் அனுபவத்தால் அறிந்தது. சோளத்திலுள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்து, சுண்ணாம்பிலே வேகாவிடின் உடலுக்கு உதவாது. சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்களின் அறிவை விட்டுவந்த ஐரோப்பாவிலே பெலாக்ரா என்னும் நோய் பரவிற்று. 1735இல் ஸ்பெயினில் அதனைக் கஸ்பர் கசால் என்னும் வைத்தியர் விவரித்தார். பின்னர் வட இத்தாலியின் ஏழைக் கமக்காரரையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்திக் கூலிகளையும் அது வாட்டிற்று. தோல் வெடித்து, மனம் பேதலித்துச் செத்தவர்கள் பல்லாயிரவர். நாகரிகம் குறைந்தவர் எனப்பட்ட மக்களின் அடுப்பங்கரையில் ஒருபோதும் தோன்றாத நோய் அது.

அவ்வடுப்பங்கரையின் மனநிலையை அறிய எமக்கு வாய்த்துள்ள பெருநூல் பெர்னார்தினோ டி சஹாகூன் என்ற பிரான்சிஸ்கத் துறவி தொகுத்தது. 1529இல் மெக்சிக்கோ வந்த அவர், முதியோரை வினாவி, தம்மிடம் கற்ற நாவாத்ல் இளைஞரின் துணையுடன் பன்னிரண்டு பகுதிகளாக எழுதுவித்த அந்நூல் 1577ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்று, இன்று புளோரன்ஸ் நகரில் உள்ளது. விக்கிரக வணக்கத்தை வேரறுப்பதற்காகவே அவர் இவற்றைத் திரட்டினார். திரட்டியதாலேயே அவை பிழைத்தன. சோளத்தைப் பானையிலிடுமுன் பெண்கள் அதன்மேல் மூச்சை ஊதுவார்களாம், சூட்டைக் கண்டு அது அஞ்சாதிருக்க வேண்டுமென்று. நிலத்திற் சிந்திய மணியைப் பொறுக்காமற் போனால் அது அழுதுகொண்டு தெய்வத்திடம் முறையிடுமாம். பிறந்த பெண்குழந்தையின் கொப்பூழ்க்கொடியை அடுப்பின் அருகே புதைத்தனர் என்றும் அந்நூல் கூறுகிறது. இவற்றைப் படித்தபின் அந்தச் சதுரத் தலையணிக்குள் இருக்கும் சிறுமுகத்தை முன்போல் நோக்க முடிவதில்லை.

இனி, மேனாட்டுக் கலைவிமரிசகர் இச்சிற்பங்களை எவ்வாறு கண்டனர் என்பதைச் சற்று நோக்குவோம். ஹம்போல்ட் 1810இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் முதற்படமே ஒரு சிறு அஸ்தெக் பெண்ணுருவத்தின் படம். இன்று பிரித்தானிய நூதனசாலையில் இருக்கும் அவ்வுருவம் நீர்த்தெய்வமாகிய சால்ச்சியூத்லிக்குவே எனக் கருதப்படுகிறது. ஹம்போல்ட் அதனை அஸ்தெக் பூசாரிப்பெண் என்று குறித்தார். இத்துணை மனிதத்தன்மையுள்ள முகம் தெய்வமாக இருக்க முடியாதென எண்ணினார் போலும். நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூர் அதே நூதனசாலையில் மெக்சிக்கோச் சிற்பங்களின் முன் நின்று தம் கலைக்கு வழிகண்டார். கல் கல்லாகவே இருக்க வேண்டும், அதனைத் தசைபோலத் தோன்றச் செய்வது பொய் என்பது அவர் கொள்கை. மெக்சிக்கோச் சிற்பங்களின் கற்றன்மையை அவர் மிகப் போற்றினார். அவர் கண் கூரிய கண்; அதை மறுப்பதற்கில்லை. 1929இல் அவர் செதுக்கிய சாய்ந்திருக்கும் பெண்ணுருவம் அக்கண்ணுக்குச் சான்று.

ஆனால் அவருக்குப் பின்வந்த தூய கலைவாதிகள் அதனையே வாய்பாடாக்கி விட்டனர். திரட்சி, சமநிலை, பருமன், வெளி என்று பேசுகிறார்கள். கையிலிருப்பது சோளக்கதிர் என்று ஒருவர் சொன்னால் அது கலைக்குப் புறம்பான செய்தி என்கிறார்கள். இவர்கள் வழிபடும் கற்றன்மை காலம் செய்த வேலை என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. இவ்வுருவங்கள் நிறந்தீட்டப்பட்டவை. சோளத்தெய்வத்தின் முகம் செம்மண் பூசிய முகம் என்று சஹாகூனின் குறிப்புக்கள் கூறுகின்றன; சில சிற்பங்களில் அச்சிவப்பின் எச்சம் இன்றும் ஒட்டியுள்ளது. த்லாவாக்கின் மண்ணுருவங்களில் மஞ்சளும் நீலமும் வெள்ளையும் அப்படியே இருக்கின்றன. சிவந்த முகமும் வெண்தாளும் பூக்களுமாக, திருவிழாப் பெண்ணாக நின்றவளைக் கழுவித் துடைத்துச் சாம்பல் நிறத்தவளாக்கிவிட்டு, அந்தச் சாம்பல் நிறத்திலேதான் அவள் மேன்மை இருக்கிறதென்கிறார்கள்.

இதுவரை நாம் எழுதியதை எமது அணியைச் சேர்ந்த நண்பர்கள் மகிழ்ச்சியுடன் ஏற்பார்கள். இனிச் சொல்வதைக் கேட்க அவர்களுக்குச் சற்றுக் கசப்பாயிருக்கலாம். உழைப்பின் தெய்வம், பெண்ணின் தெய்வம், உணவின் தெய்வம் என்று பாராட்டிவிட்டு இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வது எமது விமரிசனத்தில் வழக்கமாகி விட்டது. நிறுத்தினால் அது பொய்யாகும்.

நாவாத்ல் மொழியில் இஷிப்த்லா என்றொரு சொல்லுண்டு. தெய்வத்தின் கல்லுருவம் இஷிப்த்லா. மாவினாற் பிசைந்த உருவமும் இஷிப்த்லா. தெய்வத்தின் அணிகளைச் சூடி, விழாநாளில் தெய்வமாகவே நின்று பலியாகும் மனிதப் பிறவியும் இஷிப்த்லாவே. சோளத்தெய்வத்திற்கும் அத்தகையோர் இருந்தனர். கோடையின் நடுவில் வந்த விழாவில் ஷிலோனென்போல் உடுத்திய பெண்ணொருத்தி ஆடிப்பாடி அழைத்துச் செல்லப்பட்டு, சோளத்தெய்வத்தின் கோயிலில் தலை கொய்யப்பட்டாள். அதன் பின்னரே அவ்வாண்டின் இளங்கதிரை உண்ணும் உரிமை மக்களுக்கு வந்தது என்று சஹாகூனின் நூல் கூறுகிறது. 1570களில் எழுதிய டியேகோ துரான் என்னும் டொமினிக்கத் துறவி மற்றொரு விழாவை விவரிக்கிறார். அதிற் சிக்கோமெக்கோவாத்லாக நின்றவள் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயதுடைய அடிமைச் சிறுமி. முகத்திற் சிவப்பு, தலையிலே தெய்வத்தின் அணி, கையிலே கதிர்கள். மக்கள் வரிசையாக வந்து வணங்கினர். பின்னர் சோளக் கதிர்களும் விதைகளும் குவித்த குவியலின்மேல் அவள் கழுத்து அறுக்கப்பட்டது.

துறவிகள் மிகைப்படுத்தியிருக்க மாட்டார்களா என்று கேட்கலாம். வென்றவர் எழுதிய வரலாற்றை ஐயத்தோடு நோக்குவது நியாயமே. பலிகளின் தொகை பற்றி அவர்கள் தந்த எண்களை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் பலியே இல்லை என்பார்க்கு இடமில்லை. பெருங்கோயிலில் நடந்த அகழ்வுகள் அவ்வையத்தைத் தீர்த்துவிட்டன.

எனவே எமது மாணவி கேட்ட கேள்விக்கு மீள்கிறோம். சிற்பத்தையும் துரான் வருணிக்கும் சிறுமியையும் பக்கத்திற் பக்கம் வைத்து நோக்குங்கள். அதே தலையணி, அதே கதிர், அதே சிவப்பு. கல்லுருவத்தில் முகம் ஏன் அத்துணை சிறிதாக, அணியினுள் அமிழ்ந்து, எவ்வித தெய்வக்குறியும் இல்லாத சாதாரண முகமாக இருக்கிறது? தெய்வத்தை நேரே கண்டவர் இல்லை. சிற்பி கண்டது ஆண்டுதோறும் தெய்வமாக உடுத்தப்பட்ட பெண்களைத்தான். அவன் செதுக்கியது தெய்வத்தையா, தெய்வத்தைச் சுமந்து நின்ற சிறுமியையா என்ற கேள்விக்கு நாவாத்ல் மொழியே விடை தருகிறது: இரண்டிற்கும் சொல் ஒன்றே. அவள் பயந்து நிற்கிறாள் என்பதைக் கல் சொல்கிறதென நாம் சாதிக்கமாட்டோம். ஆனால் அன்று வகுப்பிலே சொன்ன பதிலை மீளப்பெற்றுக்கொள்கிறோம்.

பிரேசர் துரானின் இவ்வருணனையைத் தம் பொன்கிளை நூலிலே எடுத்தாண்டு, இது விளைச்சலைப் பெருக்கும் மந்திரச் சடங்கு என்று விளக்கினார். அவ்விளக்கத்திற் பெரும் உண்மையுண்டு. ஆனால் அவர் ஒன்றைக் கேட்கவில்லை: அச்சிறுமி ஏன் அடிமையாக இருந்தாள்? 1450களின் தொடக்கத்தில் உறைபனியும் வறட்சியும் அடுத்தடுத்து வந்து, ஒரு முயல் என்னும் பெயருடைய 1454ஆம் ஆண்டிற் பஞ்சம் உச்சமடைந்தது. மொக்தெசூமா என்னும் பெயருடைய முதலாம் மன்னனின் காலம் அது. அரசின் களஞ்சியம் வற்றியபின், மழை பொய்க்காத கரையோரத்துத் தொத்தொனாக் மக்களிடம் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றனர். பெண்ணுக்கு நானூறு கதிர், ஆணுக்கு ஐந்நூறு கதிர் என்பதற்குக் குறைந்து விற்கலாகாதென மன்னன் விலை வகுத்ததாக ஸ்பானியர் காலத்து வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அடிமைகள் இவ்வாறும் உண்டாயினர். நானூறு கதிருக்கு விலைபோனவளின் கையில் இரண்டு கதிரைக் கொடுத்து அவளை வணங்கிய சமுதாயத்தை விளங்கிக்கொள்ள மந்திரம் என்ற சொல் மாத்திரம் போதாது.

ஷிலோனெனின் விழா வந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். பழைய தானியம் தீர்ந்து புதிய கதிர் முற்றாத பசிக்காலம் அது. விழாவுக்கு முன் எட்டு நாட்கள் ஆட்சியாளர் ஏழைகளுக்கு உணவளித்தனர் என்று சஹாகூன் எழுதுகிறார். ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் வரிசையாக அமர்ந்து கூழும் சோளமாப் பண்டமும் பெற்றனர். திறையாக வாங்கியதில் ஒரு சிறு பங்கு, எட்டு நாளைக்குத் திரும்பி வந்தது. அதனை அரசின் கொடை என்று பாராட்டிய பாட்டுக்களும் இருந்திருக்கும். கொடையும் பலியும் ஒரே விழாவின் இரு நிகழ்ச்சிகள்.

மெக்சிக்கோவின் முற்போக்குக் கலைஞருள் முதல்வராகிய டியேகோ றிவேரா இச்சிறு தெய்வங்களைப் பல்லாயிரக் கணக்கிலே திரட்டினார். தேசியமும் கலைச்சந்தையும் கவனியாதிருந்த காலத்திலேயே அவற்றின் பெருமையை உணர்ந்தவர் அவர். அவர் 1957இல் மறைந்தபின் 1964இல் திறக்கப்பட்ட அனாவாக்கல்யி நூதனசாலை அத்திரட்டுக்காகவே எழுந்தது. தேசிய மாளிகையின் மாடத்திலே 1950இல் அவர் தீட்டிய சுவரோவியப் பகுதியொன்று வாஸ்தெக் மக்களின் சோளப் பண்பாட்டைக் காட்டுவது. விதைப்போர், அரைப்போர், அப்பம் தட்டுவோர் என உழைக்கும் உடல்கள் நிறைந்த அழகிய ஓவியம். அதன்முன் நிற்கும் மெக்சிக்கோச் சிறுவன் தன் பாட்டியின் உழைப்பை அரசமாளிகைச் சுவரில் காண்கிறான். அது சிறிய காரியமன்று. ஆனால் அவ்வோவியத்திலே திறை வாங்க வந்தவன் எங்கே? அடிமைச்சந்தை எங்கே? படையெடுத்துவந்த ஸ்பானியரின் கொடுமையை மயிரளவும் விடாது தீட்டிய அதே தூரிகை, அதற்கு முந்திய கொடுமையின் முன் மென்மையாகிவிடுகிறது. அந்நியனை எதிர்க்கும் தேவை அதற்குக் காரணம் என்பதை நாம் அறிவோம். காரணத்தை அறிவது வேறு, குறையைக் குறையன்றென்பது வேறு. அடிமைப்பட்ட நாடுகளின் முற்போக்காளர் பலரும் தத்தம் பழமையை எழுதும்போது செய்யும் பிழை இதுவே. நாம் எழுதிய சில கட்டுரைகளிலும் அது உண்டு.

தெனோச்தித்லான் 1521 ஆகஸ்ட் 13ஆம் நாள் வீழ்ந்தது. பெருங்கோயில் இடிக்கப்பட்டது, போர்த்தெய்வத்தின் பேரரசு மறைந்தது. சோளத்தெய்வம் அவ்வாறு மறையவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1629இல், மூடநம்பிக்கைகளை ஒழிக்கவென நூலெழுதிய ஹெர்னாந்தோ றூயிஸ் டி அலர்கோன் என்னும் பாதிரியார், கமக்காரர் விதையூன்றும்போது சொன்ன மந்திரங்களை அப்படியே எழுதிவைத்தார். அவற்றிலே விதைச்சோளம் ஏழு பாம்பு என்ற பழைய பெயராலேயே அழைக்கப்படுகிறது. மிச்சொவாக்கான் பகுதிச் சிற்பிகள் சோளத்தண்டின் சோற்றைப் பசையோடு பிசைந்து சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் உருவங்களைச் செய்தனர். எடை குறைந்தவையாதலால் ஊர்வலத்திற்குச் சுமந்து செல்ல எளிதாம். 1790இல் எடுத்த கோட்லிக்குவேயைப் பல்கலைக்கழக முற்றத்தில் வைத்தபோது இந்தியக் குடிமக்கள் மெழுகுதிரியும் பூவும் கொண்டு வரத்தொடங்கினர். கற்றோர் அதனை மீண்டும் மண்ணிற் புதைத்தனர். 1803இல் ஹம்போல்ட் காண விரும்பியபோது தோண்டி எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்பவும் மூடினர்.

எமது காலத்துக்கு அண்மிய நிகழ்ச்சியொன்றும் உண்டு. 1964ஆம் ஆண்டு தேசிய மானிடவியல் நூதனசாலையின் வாயிலில் நிறுத்துவதற்காக, கோட்லிஞ்சான் என்னும் கிராமத்தில் கிடந்த, 150 தொன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள பழைய தெய்வக்கல்லை அரசு எடுத்துச் சென்றது. அஸ்தெக் காலத்திற்கும் முந்திய அக்கல், மழைத்தெய்வம் த்லாலொக் என்பது அரசின் முடிவு; நீர்த்தெய்வமாகிய பெண் என்பாரும் உளர். கிராமத்தவர் மறுத்தனர். கல்லை ஏற்ற வந்த வண்டியைப் பழுதாக்கினர். படையினரைக் காவலுக்கு நிறுத்தி ஏப்ரல் 16ஆம் நாள் கல்லைக் கொண்டுசென்றனர். மக்களின் பாரம்பரியத்தை மக்களுக்கே காட்டுவதற்காக, மக்களிடமிருந்து படைகொண்டு பறிக்க வேண்டியிருந்தது!

சோளமோ இன்னும் அரசியலாகவே இருக்கிறது. 1994 சனவரி முதலாம் நாள் வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதே நாளிற் சியாப்பாஸ் மாநிலத்து மாயன் கமக்காரர் ஆயுதமேந்தினர். அமெரிக்காவின் மலிந்த சோளம் வந்து குவிந்தது. 2007இன் தொடக்கத்தில் சோள அப்பத்தின் விலை ஏறியபோது பல்லாயிரவர் தலைநகரின் வீதியில் இறங்கினர். சோளமின்றி நாடில்லை என்பது அவ்வாண்டில் எழுந்த இயக்கத்தின் பெயர். 2025 மார்ச்சில் மரபணு மாற்றிய சோளத்தைப் பயிரிடுவதைத் தடுத்து அரசியலமைப்பே திருத்தப்பட்டது.

நூதனசாலையிற் சாம்பல் நிறத்தவளாய் நிற்கும் பெண்ணுக்குத் தாள் வீடு கல்லாகவே இறுகிவிட்டது. ஆனால் வெராகுரூஸ் மாநிலத்தின் வாஸ்தெக்காக் கிராமங்களில் வாழும் நாவா மக்களின் சோளத்தெய்வம் தாளிலேதான் இருக்கிறது என்று அங்கு வாழ்ந்து ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். ஏழு பாம்பு இப்போது ஏழு மலர். சிக்கோமெஷோச்சித்ல் என்னும் பிள்ளை. சடங்கு செய்பவர் தாளை மடித்துக் கத்தரிக்கோலால் அப்பிள்ளையின் உருவத்தை வெட்டுகிறார். அதற்குத் துணியாற் சிறு சட்டையும் பாவாடையும் தைத்து உடுத்தி, பெட்டியொன்றில் வைத்து வீட்டில் வைத்திருக்கிறார்கள்.